புதன்கிழமையா, வெள்ளிக்கிழமையா

முன்னால் ஏழு பேர் நிற்கிறார்கள். ஓர் அர்ச்சனைக்கு நாலு நிமிஷம் என்று வைத்தால் இருபத்தெட்டு நிமிஷம், இப்போது மணி ஒன்பதே முக்கால், பத்தேகால் வாக்கில் நாங்கள் குருக்கள் முன்னால் நிற்போம், பத்தரைக்குள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆபரேஷன் புதன்கிழமையா வெள்ளிக்கிழமையா என்று. கணக்கெல்லாம் எனக்குச் சரியாக வருகிறது. எட்டாம் வகுப்புக்கு இருபத்தாறு வருஷமாக அறிவியல் எடுக்கிறவளுக்கு இது கூட வராமல் போகுமா. வராதது பதில்தான். இன்றைக்குச் செவ்வாய். நாளைக்குப் புதன். அர்ச்சனைத் தட்டு அத்தை கையில் இருக்கிறது. எண்பத்து நாலு வயசு, கொடுங்கள் நான் பிடித்துக்கொள்கிறேன் என்று ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து கேட்கிறேன், என் பிள்ளைக்கு நான் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு முழம் கதம்பம். கதம்பத்தில் மரிக்கொழுந்து அதிகம், அந்த வாசனை எனக்குத் தலைவலி கொடுக்கும், இன்றைக்கு அதைப் பற்றிப் புகார் சொல்ல இடமில்லை. வரிசையில் பாதிப் பேர் கையில் ஆஸ்பத்திரி ஃபைல் வைத்திருக்கிறார்கள். திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் என்று பேர் வைத்துக்கொண்டால் நெஞ்சு வலிக்காரர்கள் வரத்தானே செய்வார்கள். எங்கள் வீட்டு நெஞ்சு, என் வீட்டுக்காரர் நெஞ்சு, பூந்தமல்லி தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் படுத்திருக்கிறது. மூன்று இடத்தில் அடைப்பு. இருதயத்தின் படத்தைச் சிவப்பு சாக்பீசிலும் நீல சாக்பீசிலும் எத்தனை தடவை போர்டில் போட்டிருக்கிறேன், நாலு அறை, வால்வு, மேல் பெருஞ்சிரை. டாக்டர் அதே படத்தைக் காகிதத்தில் போட்டு மூன்று இடத்தில் பெருக்கல் குறி போட்டபோது எனக்கு எது இடது எது வலது என்று புரியவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர். புதனும் காலியாக இருக்கிறது, வெள்ளியும் காலியாக இருக்கிறது, வைத்தியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், வீட்டில் பேசிச் சொல்லுங்கள் என்றார். வீட்டில் பேசுவது என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும், லேசாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னை ஜோசியர் வீட்டுக்கு ஆட்டோவில் இழுத்துக்கொண்டு போனாள். ஜோசியர் என் வீட்டுக்காரர் ஜாதகத்தைப் பார்த்தார், ரிஷப ராசி, ரோகிணி, இரண்டு நாளும் பாதகமில்லை. அதோடு விட்டிருந்தால் என்ன. நோயாளி மயக்கத்தில் கிடப்பார், அந்த நேரத்தில் அவரைத் தாங்கிப் பிடிப்பது சம்சாரத்தின் ஜாதகம்தான், அதையும் கொடுங்கள் என்றார். அத்தை பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மகம், சிம்ம ராசி. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை சந்திரன் மீனத்தில் நிற்கிறது, சிம்மத்துக்கு அது எட்டாம் இடம், சந்திராஷ்டமம், அன்றைக்குக் கத்தி வைக்கவே வேண்டாம், புதன்கிழமை சந்திரன் கும்பத்தில், அது சுத்தமான நாள் என்றார். நான் உடனே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் மகம் இல்லை. சிம்ம ராசி இல்லை. நான் ஆயில்யம், கடக ராசி. கடகத்துக்கு எட்டாம் இடம் கும்பம். எனக்கு ஆகாத நாள் வெள்ளி இல்லை, புதன்தான். ஆகாத நாளைத் தவிர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தேடிப்போய் அதிலேயே விழுகிறோம், இது தெரிந்த ஒரே ஆள் நான், நான் அங்கே உட்கார்ந்து அவர் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொடுத்தார்கள், அதையும் குடித்தேன்.

அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. இல்லை, குற்றம்தான், ஆனால் அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே நாலு வரன் தட்டிப் போனது. அப்புறம் அம்மா இல்லாத மாப்பிள்ளையாகத் தேடினார்கள். அம்மா இல்லாத மாப்பிள்ளைகளுக்கெல்லாம் நாற்பது வயசு ஆகியிருந்தது, ஒருத்தருக்கு இரண்டாம் தாரம். எனக்கு இருபத்து மூன்று. அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நான் கொண்டு போய் வைக்கிற கேசரியைத் தின்றுவிட்டு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் அப்பா வேறு ஊர் ஜோசியர் ஒருவரிடம் போனார். நான் பிறந்தது விடியற்காலை நாலே முக்காலுக்கு. அதை ஆறரை என்று தள்ளினால் ஆயில்யம் முடிந்து மகம் பிறந்துவிடும், ராசியும் மாறிவிடும். ஒன்றே முக்கால் மணி நேரம், ஒரு சினிமா பார்க்கிற நேரம் கூட இல்லை. புது ஜாதகம் புதுசாகத் தெரியக்கூடாதே, அதனால் அம்மா அதை மஞ்சள் தடவி அடுப்புக்கு மேலே பரணில் பத்து நாள் செருகி வைத்தாள். புகை பிடித்துப் பழசாகி வந்தது. இனிமேல் யார் கேட்டாலும் மகம்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மகம்தான் என்று அம்மா சொன்னாள். பழைய ஜாதகத்தை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அம்மா இருந்தார்கள், நன்றாகவே இருந்தார்கள், வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று என் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, கண்ணு நல்லா இருக்குது என்றார்கள். அந்த அம்மாளுக்கு ஆகாதவள் நான் என்பது எனக்கு மட்டும் தெரியும். உள்ளே வலது காலை எடுத்து வைத்தேன்.

வரிசை ஓர் ஆள் நகர்ந்திருக்கிறது. ஆறு பேர். தரையில் யாரோ சிந்திய எண்ணெய், காலில் பிசுபிசுக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இந்த அத்தைப் பைத்தியம். அவள் இருமினால் நான் எழுந்துவிடுவேன். குளிக்கிற வெந்நீரை முழங்கையில் ஊற்றிப் பார்ப்பேன், கைக்குழந்தைக்குப் பார்க்கிற மாதிரி. மழைக்காலம் வந்தால் பாத்ரூமில் கோணிச் சாக்கு விரித்து வைப்பேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை விட்டதும் டீ குடிக்கிறதற்கு முன்னால் வீட்டுக்குப் போன், அத்தை மாத்திரை போட்டாச்சா. அவள் மத்தியானம் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நான் உட்காருவேன். ஊரில் எனக்கு என்ன பேர் தெரியுமா. தெருவில் மகளிர் மன்றத்தார் ஆண்டு விழாவில் சிறந்த மருமகள் என்று சொல்லி எனக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். மேடையில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினாள். அந்தக் குடத்தை நான் இன்று வரைக்கும் தண்ணீர் பிடிக்க எடுத்ததில்லை. அது பாசம் இல்லை ஐயா, பயம் என்று மைக்கில் சொல்லத் தோன்றியது, சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் கூட ஒருமுறை சொன்னார், எங்கம்மாவை நீ பாத்துக்கறதுக்கே உன்னக் கும்பிடணும் என்று. கும்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அத்தையோ ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறாள். நாலு வருஷம் முன்னால் கண்புரை, அவ்வளவுதான். மிளகாய் பஜ்ஜி கொண்டு வந்து வைத்தால் எனக்கு முன்னால் இரண்டாவதை எடுப்பாள். ஆயில்யம் அவளை ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் எல்லாமே பொய் என்று நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டாமா. சந்திரன் ஒரு பாறை, இருபத்தேழு நாளில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று பந்தையும் டார்ச் லைட்டையும் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். அதைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காலண்டரில் மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா என்றும் பார்க்கிறேன். இரண்டும் நான்தான், எது நிஜமான நான் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இங்கிருந்து பார்த்தால் கருவறை விளக்கு தெரிகிறது, உள்ளே சாமியோடு கூடவே பூசலாரும் இருக்கிறார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இந்த ஊர்க்காரர், சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், வசதி இல்லை, மனசுக்குள்ளேயே கட்டினார். நினைத்ததும் கட்டி முடித்துவிடவில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். நாள் பார்த்து அஸ்திவாரம் போட்டு, கல் கல்லாக அடுக்கி, மதில் எழுப்பி, குளம் வெட்டி, நிஜத்தில் எவ்வளவு நாள் பிடிக்குமோ அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டு கட்டினார். கடைசியில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார், அதுவும் மனசுக்குள். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா நிஜமான கற்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தான். முதல் நாள் சாமி ராஜா கனவில் வந்து, நாளைக்கு நான் நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். ராஜா இங்கே தேடிக்கொண்டு வந்தான். ஊரில் ஒருத்தருக்கும் அப்படி ஒரு கோயில் தெரியவில்லை. எல்லாரும் அவர் பக்தியைப் பேசுகிறார்கள், நான் அந்தக் காலை வேளையை மட்டும் நினைக்கிறேன். ராஜாவே வந்து வாசலில் நின்று நீ கட்டிய கோயில் எங்கே என்று கேட்கும்போது அந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும். இவ்வளவு நாள் உள்ளேயே வைத்திருந்ததை இப்போது வெளியே சொல்ல வேண்டும். சரி, அதை விடு, நாளுக்கு வா. சாமி எந்த நாளை எடுத்துக்கொண்டார், ஊர் அறிய வைத்த நாளையா, மனசில் குறித்த நாளையா. மனசில் குறித்ததை. அப்படியானால் உள்ளே இருப்பதுதான் கணக்கு, என் உள்ளே ஆயில்யம், புதன்கிழமை கூடாது. ஆனால் யார் உள்ளே. என் வீட்டுக்காரர் மனசில் நான் மகம். அத்தை மனசில் மகம். கோயம்புத்தூரில் இருந்து இன்றைக்குச் சாயங்காலம் வரப்போகிற என் மகள் மனசில் மகம். ஓட்டுப் போட்டால் மகம்தான் ஜெயிக்கும், அப்போது புதன்கிழமை நல்ல நாள். இல்லை, இப்படியெல்லாம் சாமி கை தூக்கச் சொல்லி எண்ணுவாரா. சாமியே டாக்டர் கனவில் வந்து வேறு நாள் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். டாக்டர் நேற்று நன்றாகத் தூங்கினாரா என்று யாரைக் கேட்பது.

நாலு பேர். கைப்பைக்குள் போன் அதிர்கிறது. அவர்தான். ஓரமாகத் திரும்பி முந்தானையால் மூடிக்கொண்டு பேசினேன். காலையில் இட்லி கொடுத்தார்களாம், உப்பே இல்லையாம், பக்கத்துப் படுக்கைக்காரர் நேற்று ராத்திரி முழுக்க அரசியல் பேசினாராம். இவர் இப்படித்தான், பயம் வந்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கும், ரசத்துல புளி ஜாஸ்தியோ என்றுதான் கேட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, நர்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், பத்தரைக்குள் சொன்னால்தான் நாளைக்குத் தியேட்டர் கிடைக்கும், சரி என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். இதோ, இப்போது சொல்லியிருக்கலாம். நான் மகம் இல்லைங்க. நாலு வார்த்தை கூட இல்லை. முப்பத்தோரு வருஷமாக அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சமையல்கட்டில் வைத்து, ரயிலில் வைத்து, மகள் பிறந்த பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு பதில் சொல்வார், அதையும் நானே சொல்லிக்கொள்வேன், ஒருமுறை சிரிப்பார், ஒருமுறை அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். நெஞ்சில் மூன்று இடத்தில் பெருக்கல் குறியோடு படுத்திருக்கிற மனுஷரிடம், உங்க அம்மாவுக்கு ஆகாதவள்னு தெரிஞ்சேதான் உங்க வீட்டுக்கு வந்தேன் என்று எப்படிச் சொல்வது. அந்த அதிர்ச்சியிலேயே ஏதாவது ஆகிவிட்டால். சொல்லாவிட்டால் புதன். சொன்னால் இப்போதே. அர்ச்சனை முடிச்சிட்டுச் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க என்றேன். உனக்காகத்தான் பொறுத்துக்கிட்டுப் படுத்திருக்கேன் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

மூன்று பேர். ஒரு தடவை ஒழுங்காக யோசித்துவிடலாம். ஆயில்யம் யாருக்கு ஆகாது. மாமியாருக்கு. புருஷனுக்கு ஆகாது என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை. அப்புறம் ஏன் அவர் படுத்திருக்கிறார். கொழுப்பு, சர்க்கரை, முப்பது வருஷ சிகரெட், அவ்வளவுதான், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் புத்தி அங்கே நிற்கமாட்டேன் என்கிறது. அத்தைக்கு வர வேண்டியதை நான் வரவிடவில்லை. வெந்நீரும் கஷாயமும் கோணிச் சாக்குமாகக் குறுக்கே நின்றேன். வாய்க்காலை ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலுக்குத் திரும்பாதா. அத்தைக்கு வந்ததுதான் வழி கிடைக்காமல் அவர் பக்கம் திரும்பியிருக்கிறது. அவளை அவள் பாட்டுக்கு விட்டிருந்தால், மற்ற வீட்டு மருமகள்கள் மாதிரி நானும் இருந்திருந்தால். எனக்கு முன்னால் அத்தையின் பிடரி தெரிகிறது. வெள்ளை முடியைச் சின்னதாக முடிந்து ஒரு துண்டுக் கதம்பம் வைத்திருக்கிறாள், நான்தான் காலையில் வைத்துவிட்டேன். அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். அவரை விட்டுவிடு. அது யாருக்கு என்று எழுதியிருக்கிறதோ அவர்களுக்கே போகட்டும். எண்பத்து நாலு வயசு, அனுபவித்தாயிற்று, அவருக்கு அறுபதுதான். இப்படியே, வார்த்தை வார்த்தையாக, கை கூப்பிக்கொண்டு நினைத்தேன். நினைத்து முடிக்கிறேன், அத்தை திரும்பினாள். இன்னா, கால் வலிக்குதா, எம்மேல சாஞ்சிக்கோ என்றாள். அவள் என் தோள் உயரம் கூட இல்லை. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நினைத்ததைத் திருப்பி எடுக்க முடியுமா. வேறு கோயிலாக இருந்தால், சும்மா மனசில் ஓடியதுதானே, யாருக்குக் கேட்டிருக்கப் போகிறது என்று தேற்றிக்கொள்ளலாம். மனசில் கட்டிய கோயிலைத் தேடி வந்த சாமிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் இதை நினைத்திருக்கிறேன். பூசலார் அடுக்கிய கல்லெல்லாம் அவருக்குத் தெரிந்தது என்றால் இதுவும் தெரிந்திருக்கும். சீச்சீ, இல்லை, வேண்டாம், நான் சொல்லவில்லை, அழித்துவிடுங்கள் என்று வேகவேகமாக நினைக்கிறேன், ஆனால் முதலில் நினைத்ததுதான் தெளிவாக இருந்தது, இரண்டாவது குழறுகிறது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, அழாதீங்கம்மா, இங்க வந்துட்டீங்க இல்ல, எல்லாம் சரியாப் போய்டும் என்கிறாள்.

ஒருத்தர்தான். அவரும் விபூதியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். மணி பத்து இருபது. நான் தனியாகக் கோயிலுக்குப் போனால் நட்சத்திரம் சொல்லவே மாட்டேன், சாமி பேருக்கே அர்ச்சனை பண்ணுங்க என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். அத்தையோடு வந்தால் அது நடக்காது. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அதனால் எந்தக் கோயிலானாலும் மூன்று பேர் பேரையும் அத்தைதான் சொல்வாள், அவர், நான், கடைசியில் தான். இப்போது மகம் என்பாள், நான் தலையைக் குனிந்துகொள்வேன், வெளியே போய் அவருக்குப் போன் பண்ணி ஏதோ ஒன்றைச் சொல்வேன். எதைச் சொல்வேன் என்று தெரியவில்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, சொல்லுங்கோ என்றார்.

“ஏகாம்பரம், ரிஷப ராசி, ரோகிணி,” என்றாள் அத்தை. குருக்கள் தலையை ஆட்டினார். “அமிர்தவல்லி, கடக ராசி, ஆயில்யம்.”

எனக்குத்தான் அப்படிக் கேட்டது, என் புத்திதான் அவள் வாயில் வைத்துப் பேசுகிறது என்று நினைத்தேன். அந்த வாயில் முப்பத்தோரு வருஷமாக மகத்தைத் தவிர வேறு எதுவும் நான் கேட்டதில்லை. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை, சாமியைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி சொன்னாள்.

“நிச்சயத்துக்கு மொத நாளே உங்க சொந்தக்காரி ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போய்ட்டா. எனக்குத்தான ஆவாது, எம்புள்ளைக்கு ஆவாதுன்னு யாரும் சொல்லலையே. அவனுக்கு உன்னப் புடிச்சிருந்தது. உட்டுட்டேன்.”

“அப்ப ஜோசியர் புதன்கிழமைன்னு சொல்லும்போது…”

“தெரிஞ்சிக்கினுதான் சும்மா இருந்தேன். உன் நட்சத்திரம் கெட்டுக் கெடக்கற நாளு. மாமியாருக்குன்னுதான எழுதியிருக்குது, வர்றது எங்கிட்ட வரட்டும். எம்புள்ளைய உட்டுட்டுப் போவட்டும்.”

நான் கை கூப்பிக்கொண்டு நினைத்ததேதான். என் வார்த்தைதான் அவள் வாயில் வருகிறது, நான் கேட்ட உயிரை அவளே கொண்டு வந்து தட்டில் வைத்துக் கொடுக்கிறாள். முப்பத்தோரு வருஷம் வெந்நீரை முழங்கையில் ஊற்றிப் பார்த்தபோதெல்லாம் நான் எதற்குப் பார்க்கிறேன் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு குளித்திருக்கிறாள். மேடையில் கை தட்டியிருக்கிறாள். கோபமா, வெட்கமா, இவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறதா, எனக்கு ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. வேறு பேர் உண்டா என்று குருக்கள் கேட்கிறார். இல்ல சாமி, அவ்ளோதான் என்கிறாள் அத்தை. தன் பேரைச் சொல்லவில்லை. குருக்கள் உள்ளே திரும்புவதற்குள் நான் ஓர் அடி முன்னால் போனேன்.

“சாமி, அவங்க மாத்திச் சொல்லிட்டாங்க,” என்றேன். என் குரல் வகுப்பில் வருகிற குரலாக வந்தது. “நான் மகம். சிம்ம ராசி. இன்னொரு பேரும் இருக்கு. தாயாரம்மாள், கன்னி ராசி, அஸ்தம்.”

அத்தை என் கையில் கிள்ளினாள். சந்நிதியில நின்னுக்கினு பொய் சொல்லாத என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டு அதட்டியது இதுதான் முதல் தடவை. குருக்கள் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இரண்டில் எது என்று சொல்லுங்கோ, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். மகம் என்றேன் நான். ஆயில்யம் என்றாள் அவள். வாழ்நாள் முழுக்க எந்தப் பொய்யை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று தவித்தேனோ அதையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி மகம் என்றேன். குருக்கள் உள்ளே திரும்பி மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். ஏகாம்பரம் கேட்டது, ரோகிணி கேட்டது, அப்புறம் யாரோ மணியை அடித்தார்கள், அவர் எதைச் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அத்தைக்கும் கேட்டிருக்காது, அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாயாரம்மாள் என்பது மட்டும் கேட்டது.

கைப்பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. பத்து இருபத்தெட்டு. விபூதியை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு தூணோரம் போய் எடுத்தேன், அத்தை என் பின்னாலேயே வந்தாள். நர்ஸ் பக்கத்துலயே நிக்கறா, என்ன சொல்லட்டும் என்றார் அவர். வெள்ளிக்கிழமைன்னு சொல்லுங்க என்றேன். சாமியிடம் மகம் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்த வாயால் மகத்துக்கு ஆகாத நாளைக் கேட்கிறேன், இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை, ஆனால் புதன்கிழமை அத்தை போட்டு வைத்த பேரத்துக்குள் அவரைப் படுக்க வைக்க என்னால் முடியாது. ஏன், ஜோசியர் புதன்னுதானே சொன்னாரு என்று கேட்டார். உங்கம்மாவக் கேளுங்க என்று போனை அத்தை காதில் வைத்துவிட்டேன்.

அம்மா, அம்மா என்று அவர் கூப்பிடுவது எனக்கே கேட்டது. எந்த நாள்ம்மா, நீயாவது சொல்லு என்கிறார். அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைத் தன் கையில் வாங்கினாள்.

“வெள்ளிக்கிழமைன்னே சொல்லுடா,” என்றாள். “நீ உள்ள போ. நானும் உம்பொண்டாட்டியும் வெளிய உக்காந்திருப்போம்.”